இடது கையால் கொடுத்த மோர்

சென்ற மாதம் ஊரில் போட்டோ எடுக்கிற இளைஞர்கள் சிலர் சேர்ந்து என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, தெருவில் போகிறவர்களை அவர்கள் அறியாமல் படம் எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு இப்போது ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம், போட்டியெல்லாம் வைக்கிறார்களாம். நாங்கள் எடுத்த காலத்தில் எங்கள் ஸ்டூடியோ முதலாளி அதற்கு வைத்திருந்த பெயர், பிலிமுக்குப் பிடித்த கேடு.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் தன் போனில் என்னோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தாள். பார்த்தால், என் சட்டைப் பை வலது பக்கம் இருந்தது.

"இதென்னம்மா, என்னை மாத்திப் போட்டுட்டியே?" என்றேன்.

"அது அப்படித்தான் சார் வரும். வேணும்னா திருப்பிக்கலாம்" என்று விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பை இடது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. அப்படித் திருப்பிப் போட்ட ஒரு படத்தால் அண்ணன் தம்பி இரண்டு பேர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். மேடையில் அதைச் சொல்ல நேரம் தரவில்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்துக்காரன். நெல் போடுகிற குடும்பம். படிப்பு ஏறவில்லை என்று அறுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கொண்டுவந்து விட்டார்கள். முதல் சில வருஷங்கள் இருட்டறையில் மருந்து கலக்கினேன், தட்டுக் கழுவினேன், ஈரப் படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டேன். நகமெல்லாம் பழுத்து, தின்கிற சோற்றிலும் மருந்து வாடை அடித்தது. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

முதலாளியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நாயுடு என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். கழுத்து வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். படம் எடுக்க வந்தவரின் முகவாயை ஒற்றை விரலால் நிமிர்த்துவார். நாலடி பின்னால் போய்ப் பார்ப்பார். திரும்ப வந்து அதே விரலால் ஒரு நூல் இறக்குவார். "மூச்சை இழுங்க. அப்படியே இருங்க" என்பார். அவர் 'ம்' சொன்ன பிறகுதான் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடலாம். அவர் எடுத்த படத்தில் யாரும் சிரித்ததில்லை. "பல்லு காட்டணும்னா பல்லு டாக்டர் கிட்ட போவட்டும்யா" என்பார்.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. கடை வாசலுக்கு இடது புறம் தெருவைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிப் பெட்டி. நல்ல படங்களைப் பெரிதாகப் போட்டு அதில் மாட்டுவோம். அதில் இருக்கும் எந்த முகமும் எங்கள் கடை வாசலைப் பார்த்துத்தான் திரும்பியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் பக்கத்துப் பாத்திரக் கடையைப் பார்ப்பதுபோல ஆகிவிடும். "பெட்டியில இருக்கறவன் எங்க பாக்கறானோ, ரோட்டுல போறவனும் அங்கதான் பாப்பான். பாத்திரக்காரனுக்கு நான் ஏன் ஆள் புடிச்சுத் தரணும்?" என்று கேட்பார். முகம் அந்தப் பக்கம் திரும்பிய படமாக இருந்தால், நெகட்டிவைப் படம் பெரிதாக்கும் என்லார்ஜரில் புரட்டி வைத்து அச்சுப் போட்டுவிடுவார். இடம் வலமாகும், வலம் இடமாகும், முகம் மட்டும் கடையைப் பார்க்கும். ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்த முகத்துக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. உச்சி எடுத்த பக்கம் மாறும், அவ்வளவுதான். யாரும் கண்டுபிடித்ததில்லை. நாளாக ஆக, புரட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அவர் கை தானாகப் புரட்டியது.

நான் தெருவில் படம் எடுக்கத் தொடங்கியது மிச்ச பிலிமில்தான். கல்யாணம், காதுகுத்து என்று வெளி வேலைக்குப் போய்த் திரும்பும்போது சுருளில் ஒன்றிரண்டு படத்துக்கு இடம் இருக்கும். நெசவுக்காரர்கள் இருக்கிற பிள்ளையார்பாளையம் வழியாகக் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால், தறிக்குப் போகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, ஆணும் பெண்ணுமாக இழை ஒதுக்கிக்கொண்டிருப்பார்கள். கேமராவைப் பார்த்துவிட்டால் போச்சு. ஆண்கள் சட்டை தேடி உள்ளே ஓடுவார்கள். பெண்கள் தலையை ஒதுக்கிக்கொண்டு விறைத்து நிற்பார்கள். இழை ஒதுக்கிய கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கும். நாயுடுவின் நாற்காலியே தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

எங்கள் கேமராவில் ஒரு வசதி இருந்தது. அதைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் தெரு தெரியும். பார்க்கிறவர்களுக்கு, பாவம் இவன் எதையோ ரிப்பேர் பார்க்கிறான் என்றுதான் தோன்றும். உடம்பை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கேமராவை இன்னொரு பக்கம் காட்டினால் சந்தேகமே வராது. ஆனால் அந்தக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரியும். வலப்பக்கம் வருகிற மாடு கண்ணாடியில் இடப்பக்கம் வரும். பழகப் பழக அந்த இடவல மாற்றமே எனக்கு இயல்பாகிவிட்டது. எடுத்த படத்தில் எது எந்தப் பக்கம் இருந்தது என்று என்னைக் கேட்டால் சத்தியம் செய்ய முடியாது. நெகட்டிவைப் பார்த்தால்தான் சொல்வேன்.

ஒரு உற்சவத்தில் சாமியை எடுக்க அனுப்பினார் நாயுடு. நான் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சாமி பார்க்கிற முகங்களை எடுத்துக்கொண்டு வந்தேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஏமய்யா முனுசாமி, சாமி எங்க?" என்றார். "இவங்க கண்ணுல இருக்கறாரு" என்றேன். அன்றைக்கு எனக்கு வாய் நீளம். ஆனாலும் மறுநாள் அந்தப் படம் பெட்டியில் தொங்கியது. தன் முகத்தைத் தேடிக்கொண்டு ஜனம் வந்து நின்றது. "யோவ், என்னை எப்பய்யா புடிச்ச?" என்று கேட்டுச் சிரித்தது. அதிலிருந்து மிச்ச பிலிமைப் பற்றி நாயுடு வாய் திறக்கவில்லை. நான் எடுத்ததில் நன்றாக வந்ததை அவரே தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி மாட்டினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம், சண்முகம் என்று அண்ணன் தம்பி. இரண்டு பேரும் பட்டு நெய்கிறவர்கள், நல்ல கை. அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி தன் பாகத்துக்குச் சுவர் எழுப்பியபோது அது அண்ணன் தறிக்கு விழுந்த வெளிச்சத்தை மறைத்துவிட்டது. நெசவுக்காரருக்கு வெளிச்சம் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பகலிலேயே விளக்கு ஏற்றிக்கொண்டு நெய்தார் பெரியவர். அதோடு பேச்சு நின்றது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் தறி ஓசை கேட்கும், பேச்சு மட்டும் கிடையாது. வருஷங்கள் ஓடின.

எழுபதுகளில் ஒரு பங்குனித் தேர். வெயில் மண்டையைப் பிளந்தது. தெருக்காரர்கள் போட்ட மோர்ப் பந்தலில் சண்முகம் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பந்தலுக்கு எதிரில், வழக்கம்போலக் கேமராவை ரிப்பேர் பார்க்கிறவனாக நின்றிருந்தேன். தேர் நிலைக்குத் திரும்பும் முன் வடம் இழுத்துக் களைத்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் ஏகாம்பரமும் ஒருவர். யார் கொடுக்கிறார் என்று பார்க்காமலே கையை நீட்டினார். டம்ளர் கைக்கு வந்தது. அப்போதுதான் நிமிர்ந்தார்.

அந்த முகத்தை எப்படிச் சொல்வது? கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு சொந்த வீட்டு வாசலைப் பார்க்கிறவர் முகம்போல இருந்தது. என் விரல் தானாக அழுத்தியது. அடுத்த நொடி அவர் குனிந்து மடமடவென்று குடித்துவிட்டு, டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு பேச்சு இல்லை. என் வாழ்நாளில் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அந்தச் சுருளைக் கழுவி வைத்துவிட்டு, மாகறலில் ஒரு கல்யாண வேலைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து வேறு இரண்டு ஊர். திரும்பி வந்து சைக்கிளை நிறுத்துகிறேன், கடை வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. ஏகாம்பரத்தின் மனைவி கனகம்மா.

"தம்பி, புண்ணியமா போவும், பொட்டியில இருக்கிற அந்தப் படத்த எடுத்துடுங்கப்பா" என்றார்.

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"மோரு குடிச்சுட்டு வந்த அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரரு, பொண்ணு கல்யாணத்துக்கு மொத பத்திரிக்க தம்பிக்குத்தான்னு சொன்னாரு. எத்தினி வருசம் கழிச்சு! நானும் பொண்ணும் அழுதுட்டோம். இப்ப பாரு, ஊரே இங்க வந்து படத்தப் பாத்துட்டு, 'உன் தம்பி உனுக்கு எடது கையால மோரு குடுத்தானாமே'ன்னு டீக்கடையில வச்சுச் சொல்லி சிரிக்குது. இவரும் வந்து பாத்தாரு. அதோட சரி. அவன் வாசல்ல கால் வெக்க மாட்டேங்கிறாரு. சித்தப்பா வரலன்னா மணையில ஏற மாட்டேன்னு பொண்ணு உக்காந்துக்கினு இருக்குது."

நான் பெட்டியைப் பார்த்தேன். சண்முகத்தின் வலது கையில் சொம்பு. இடது கையால் டம்ளரை நீட்டிக்கொண்டிருக்கிறார். ஏகாம்பரத்தின் முகம் எங்கள் கடை வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நாயுடு இதையும் புரட்டிப் போட்டிருப்பாரோ?

உள்ளே ஓடி நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பிலிமுக்கு ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. பளபளப்பான பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும். அப்படிப் பிடித்தபோது அண்ணன் முகம் பாத்திரக் கடைப் பக்கம் திரும்பியது, தம்பியின் சொம்பு இடது கைக்குப் போனது, டம்ளர் வலது கைக்கு வந்தது.

நாயுடுவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவர் வந்து என்னைக் கேட்டாருய்யா. நெஜமாவே இப்படித்தானா நாயுடுகாருன்னு கேட்டாரு. படம் பொய் சொல்லாதுன்னு நான் சொல்லிட்டேன்" என்றார்.

"புரட்டிப் போட்டதுன்னு போய்ச் சொல்லிடலாம் முதலாளி."

"சொன்னா? நாளைக்கு இந்த ஊர்ல யாரு நம்ம படத்த நம்புவான்? பெட்டியில இருக்கறதெல்லாம் பொய்யின்னுவான்."

"நம்ம பெட்டி நல்லா இருக்கணும்னு அவங்க வீட்டுக் கல்யாணம் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான், இன்றோடு நம் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

நாயுடு எழுந்து வெளியே போனார். வாசலில் நின்றிருந்த கனகம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பெட்டியைத் திறந்து, படத்தைத் தானே கழற்றினார். "முனுசாமி, இதே சைஸ்ல நேராப் போடு. காஞ்சதும் கெளம்பலாம். நானும் வரேன்" என்றார். அவ்வளவு வருஷத்தில் அவர்மேல் எனக்குப் பயம் இருந்தது, மரியாதை இருந்தது. அன்றைக்குத்தான் பிரியம் வந்தது.

ஏகாம்பரம் தறியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து பாய் விரித்து உட்கார வைத்தார். முகம் மட்டும் கொடுக்கவில்லை. நாயுடு இரண்டு படத்தையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தன் கடைச் சட்டத்தையும் பாத்திரக் கடையையும் ஒளிக்காமல் சொன்னார். "தப்பு என்னுது. உங்க தம்பி வலது கையாலதான் குடுத்தாரு" என்று முடித்தார்.

பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னிக்கு அது நெஜம்னீங்க. இன்னிக்கு இது நெஜம்ங்கிறீங்க. இவ வந்து அழுதாளேன்னு புரட்டிப் போட்டு எடுத்துக்கினு வந்திருக்கீங்க. நாளைக்கு அவன் வந்து அழுதா இன்னொன்னு போடுவீங்க."

நான் நெகட்டிவைக் காட்டி மங்கல் பக்கம், பளபளப்புப் பக்கம் எல்லாம் விளக்கினேன். "அது உன் தொழிலுபா. நீ சொன்னா நான் இன்னா கண்டேன்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நேரில் நின்று எடுத்த நான் பார்த்துச் சொல்லலாம் என்றால், நான் பார்த்த கண்ணாடியே எல்லாவற்றையும் மாற்றிக் காட்டுவது. நாயுடு தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

தண்ணீர் கொண்டுவந்த கனகம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் படங்களுக்கு மேல் குனிந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பின்னால், தேரைப் பார்த்துக்கொண்டு ஒரு வரிசைப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"ஏங்க, இது நான்தானே? இதோ இந்தக் கோடியில?"

"இருப்ப. அதுக்கின்னா இப்ப?"

"நான் எந்தக் காலத்துலங்க வலது தோள்ல முந்தானை போட்டேன்?"

பெட்டியில் இருந்த படத்தைத் தூக்கிக் கணவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அந்த வரிசையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் கிடந்தது. கிழவி முதல் சிறுபெண் வரை ஒருத்திகூட விலக்கில்லை. "ஊர்ல இருக்கிற பொம்பளைங்க மொத்தமும் ஒரே நாள்ல தோள் மாத்திக்கினாங்களா? கையப் பாக்கத் தெரிஞ்சிது, ஒருத்தருக்காவது பொடவையப் பாக்கத் தெரிஞ்சிதா?" என்று கேட்டார். பட்டுப் புடவையே பிழைப்பான ஊர். ஒரு வாரமாக ஊரே அந்தப் பெட்டி முன்னால் நின்று பார்த்திருக்கிறது. நாயுடுவும் நானும் உள்பட எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

ஏகாம்பரம் அந்தப் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கையில வாங்கிக் குடிச்சேன்" என்றார். "நானே வாங்கிக் குடிச்சுட்டு, நாலு பேரு சொன்னதும் படத்த நம்பிட்டேனே."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "தட்ட எடு" என்றார் மனைவியிடம். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்தார் கனகம்மா. எங்களையும் கூட வரச் சொன்னார் பெரியவர். சுவருக்கு அந்தப் பக்கம்தானே, தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்தால் தம்பி வாசல்.

சண்முகம் சாயம் போட்ட நூலைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு கையும் முழங்கை வரை அரக்குச் சிவப்பு. எங்களைப் பார்த்ததும் பிடித்த நூலை விடவும் தோன்றாமல் அப்படியே நின்றார். நாயுடு முன்னால் போய், படம் புரட்டிப் போட்டதையும் தப்பு தன்னுடையது என்பதையும் அவரிடமும் சொன்னார். சண்முகம் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் பார்வை நாயுடு மேல் இல்லை.

அண்ணன் தட்டை நீட்டினார். நீட்டிக்கொண்டே, பொறுக்க முடியாதவராகக் கேட்டார்.

"ஏண்டா, ஊரே பேசுச்சே. ஒரே ஒரு தபா வந்து, 'இல்லண்ணா, வலது கையாலதான் குடுத்தேன்'னு சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

"எப்படிண்ணா சொல்லுவேன்? எந்தக் கையால குடுத்தேன்னு எனுக்கே தெரியல" என்றார் சண்முகம். "உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். ரொம்ப எளச்சுப் போயிருந்த."

பெரியவர் நீட்டிய தட்டோடு நின்றார். கனகம்மாதான், "வாங்கிக்கப்பா, உங்க அண்ணனுக்குக் கை நோவுது" என்றார். சண்முகம் ஈரச் சாயத்தை வேட்டியில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.